எம்ஜிபி-யில் ஸ்டெப்னி: 20 கிலோவா, 16.2 கிலோவா?

பழைய பிஸ்டன் (ஹாரோ, லண்டன்):
நம் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி-யின் ஸ்டெப்னியைப் (உபரிச் சக்கரம்) பற்றிப் பக்கத்து இழையில் காற்றடிக்காரன் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. "எம்ஜிபி-யில் ஸ்டெப்னி வைத்துக்கொண்டு திரிவது மூடத்தனம். கழற்றிப் போட்டால் 20 கிலோ மிச்சம். ஒரு டப்பா பஞ்சர் திரவமும் கைபேசியும் போதும்" என்று தீர்ப்பு சொல்லியிருக்கிறார்.

20 கிலோவாம். எந்தத் தராசில் நிறுத்தார்? என் 1971 ரோட்ஸ்டரின் (திறந்த கூரை எம்ஜிபி) ஸ்டெப்னியைக் காலையில் கட்டிப்பிடித்துக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி நின்றேன். அப்புறம் அதை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். வித்தியாசம் 16.2 கிலோ. வயர் வீல் (கம்பிச் சக்கரம்), 165 மி.மீ. அகல டயர், டியூப் எல்லாம் சேர்த்து. 20 இல்லை, 16.2.

காற்றடிக்காரன் (மில்டன் கீன்ஸ்):
பிஸ்டன் சார், டயரைக் கட்டிப்பிடித்த காட்சிக்கு நன்றி. ஸ்டெப்னி போனால் ஜாக்கி, ஸ்பேனர், ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகை எல்லாமே போகும். எல்லாம் சேர்த்து 20. டிக்கியைத் திறந்தால் நடுவில் ஒரு டயர் மல்லாந்து படுத்திருக்கிறது. இரண்டு பேர் வார இறுதிக்குப் போக ஒரு பெட்டி வைக்க வழியில்லை. லோட்டஸ் எலீஸ் 1996-லேயே ஸ்டெப்னி இல்லாமல் வந்தது. யாரும் அழவில்லை.

பழைய பிஸ்டன்:
"கழற்றிப் போட்டால் 20 கிலோ" என்றுதான் எழுதினீர்கள். ஜாக்கி என்ற சொல்லே அதில் இல்லை. இப்போது பலகை வரைக்கும் வந்துவிட்டீர்கள், நாளைக்குப் பெட்டியையும் சேர்ப்பீர்கள். 16.2.

எலீஸை எதற்கு இழுக்கிறீர்கள்? வயர் வீலில் கம்பிகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போகின்றன. அந்தத் துளை வழியாகக் காற்று போகும் என்பதால்தான் உள்ளே டியூப். நீங்கள் சொல்லும் டப்பா டியூப்லெஸ் டயருக்கானது. டியூபில் ஆணி ஏறி அப்படியே நூறு அடி உருட்டினால் டியூப் கந்தலாகிவிடும். அப்புறம் திரவத்தை எங்கே ஊற்றுவது, தலையிலா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அக்டோபர் மாதம், வேல்ஸில் டோல்கெத்லாய்க்குத் தெற்கே ஏ470 சாலை. மழை. இடது பின் சக்கரம் போய்விட்டது. கைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மூன்று ஆடுகள் வேலியோரம் வந்து நின்று பார்த்தன. செப்புச் சுத்தியலை எடுத்தேன். வயர் வீலைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதன் காதில் அம்புக்குறி போட்டு 'அன்டூ' (கழற்று) என்று எழுதியிருக்கும். சக்கரம் முன்னால் உருளும் திசையிலேயே அடிக்க வேண்டும். இடது பக்கம் வலப்புரி மரை, வலது பக்கம் இடப்புரி மரை. தரையிலிருந்து தூக்குவதற்கு முன்பே நாலு அடி அடித்து இளக்கிக்கொண்டால் வேலை சுலபம். 14 நிமிடத்தில் கிளம்பிவிட்டேன். கைபேசி வைத்திருப்பவர் இன்னும் அந்த ஆடுகளோடுதான் இருந்திருப்பார்.

நல்லூரான் (ஈஸ்ட் ஹாம்):
பிஸ்டன் அண்ணை, காற்றடி தம்பி, ஒரு விஷயம். அண்ணையின் கார் வயர் வீல், உள்ளே ரியூப். தம்பியின் கார் 1977, ரோஸ்டைல் இரும்பு வீல், ரியூப் இல்லாத ரயர். படம் போட்டிருந்தவர். இரண்டும் வேறு வேறு சாமான். எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று முதலில் முடிவெடுத்தால் நல்லது.

காற்றடிக்காரன்:
நல்லூரான் அண்ணா, அது வேறு விஷயம். 20 கிலோ 20 கிலோதான்.

பழைய பிஸ்டன்:
ஓ, 1977 வண்டியா! அப்படிச் சொல்லுங்கள். அமெரிக்கச் சட்டத்துக்குப் பயந்து 1974 கடைசியில் மாட்டிய அந்தக் கறுப்புத் தலையணை பம்பர்! வண்டியையும் உயர்த்திவிட்டார்கள். முன்னும் பின்னும் அதைச் சுமந்துகொண்டு ஸ்டெப்னியில் எடை குறைக்கிறாராம். மீசைக்குப் பதில் புருவத்தை மழித்த கதை.

காற்றடிக்காரன்:
சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டைச் சுமப்பவர் பேசுகிறார். ஒரே ஒரு 12 வோல்ட் போட்டால் தீர்ந்தது. ஆனால் 'ஒரிஜினல்' ஆயிற்றே!

கோவை கார்புரேட்டர்:
ஏனுங்க, இந்தியாவில் 2020-லேயே விதியை மாற்றிவிட்டார்களே. மூன்றரை டன்னுக்குள் இருக்கும் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அரசாங்கமே சொன்ன பிறகு என்னங்க சண்டை? நாங்கள் எல்லாம் எங்கள் ஊர் ரேஸ் மைதானம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டியவர்கள். ரேஸில் எவன் ஸ்டெப்னி வைத்து ஓட்டினான்?

பழைய பிஸ்டன்:
கார்புரேட்டர், விதியை முழுசாகப் படியுங்கள். டியூப்லெஸ் டயர் இருக்க வேண்டும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி இருக்க வேண்டும், ரிப்பேர் கிட்டும் இருக்க வேண்டும். என் வண்டியில் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி என் வலது கால். நின்று ஒரு உதை விட்டுப் பார்ப்பேன்.

கரியில் பஞ்சர் ஆனால் நடந்தே பிட்டுக்கு (ரேஸ் வண்டியைப் பழுதுபார்க்கும் இடம்) வந்துவிடலாம். ஏ470-இல் பிட் எங்கே?

கோவை கார்புரேட்டர்:
கரியைப் பற்றி மட்டும் பேசாதீங்க.

காற்றடிக்காரன்:
சார், ஒரே கேள்வி. அந்த ஸ்டெப்னி டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். உங்களுடையது என்ன?

பழைய பிஸ்டன்:
எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். 16.2.

காற்றடிக்காரன்:
எண் என்ன?

பழைய பிஸ்டன்:
0909. அதனால் என்ன? ஒரே ஒரு முறைதான் தரையைத் தொட்டிருக்கிறது. புது டயரில் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் மீசை மயிர்கூட உதிரவில்லை.

காற்றடிக்காரன்:
2009-ஆம் வருஷத்து டயர்! பஞ்சரானால் அதை மாட்டி ஹாரோ வரைக்கும் ஓட்டி வந்தீர்கள். நான் டப்பா வைத்தால் மூடத்தனம், நீங்கள் வறட்டு ரப்பரில் மோட்டார்வே ஏறினால் வீரம்.

நல்லூரான்:
அதில் தம்பி சொல்வது சரி. ஓடாமல் இருந்தாலும் ரயர் கிழடாகும். 2021 பெப்ரவரியிலிருந்து லொறி, பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட ரயர் போடக்கூடாது என்று இங்கே சட்டம். காருக்கு இல்லை என்பது வேறு. ஆனால் கராஜில் பார்த்திருக்கிறேன், விரலால் மடக்கினால் பக்கச்சுவரில் முடி முடியாக வெடிப்பு. அண்ணையின் சைஸ் எல்லாக் கடையிலும் உடனே கிடைக்காது என்பதும் உண்மை. அதனால் ஸ்பெயார் வேண்டும், ஆனால் புதுசு வேண்டும். வயர் வீலா இரும்பா என்று முதலில்...

பழைய பிஸ்டன்:
லொறிச் சட்டத்தை எம்ஜிபி-க்குக் கொண்டுவராதீர்கள். 40 வருஷம் தாண்டிய வண்டிக்கு எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனையே கட்டாயமில்லை. ஸ்டெப்னியை எம்ஓடி-யில் எவனும் பார்ப்பதும் இல்லை.

காற்றடிக்காரன்:
எவனும் பார்ப்பதில்லை என்பதுதான் பிரச்சினையே.

கோவை கார்புரேட்டர்:
லண்டன்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்டெப்னி என்ற பெயரே உங்கள் கிழக்கு லண்டன் ஸ்டெப்னியிலிருந்துதான் வந்தது. ஊர் மானத்துக்காகவாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிஸ்டன்:
தப்பு. முழுத் தப்பு. வேல்ஸில் லனெல்லி ஊர், ஸ்டெப்னி தெரு. 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் அங்கேதான் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக் கார்களில் உபரிச் சக்கரமே கிடையாது. இவர்கள் செய்தது கம்பியில்லாத ஒரு ரிம், மேலே டயர். பஞ்சரான சக்கரத்தின் மேலேயே அதைக் கவ்வ வைத்து ஓட்டிக்கொண்டு போவார்கள். எனக்குப் பஞ்சரானதும் வேல்ஸில்தான், கவனித்தீர்களா?

கோவை கார்புரேட்டர்:
அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஸ்டெப்னியே இல்லை, வெறும் உபரிச் சக்கரம். தலைப்பை மாற்றுங்கள்.

பழைய பிஸ்டன்:
தலைப்பை மாற்ற முடியாது.

நல்லூரான்:
காற்றடி தம்பி, கழற்றின வீலை விற்பதென்றால் சொல்லும். ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன்.

காற்றடிக்காரன்:
விற்கவில்லை அண்ணா. ஷெட்டில் இருக்கிறது, இருக்கட்டும்.

சரி, இப்போதுதான் நிறுத்தேன். அதே குளியலறை முறை, படமும் போட்டிருக்கிறேன். சக்கரம் 17.1. ஜாக்கி, ஸ்பேனர், பலகை 3.4. மொத்தம் 20.5. நான் சொன்னதைவிட அரை கிலோ கூடவே வருகிறது. மன்னிப்பை எப்போது எதிர்பார்க்கலாம்?

பழைய பிஸ்டன்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயர் 185. அகலமான டயரைப் போட்டுவிட்டு எடை சொல்கிறீர்கள். செல்லாது. பலகை ஈரமாக வேறு இருக்கிறது.

காற்றடிக்காரன்:
ஈரப் பலகையா?

பழைய பிஸ்டன்:
படத்தில் இடது ஓரம் பாருங்கள், கறுத்திருக்கிறது. காயவைத்து நிறுத்துவிட்டு வாருங்கள். 16.2.