மண்டப மெயில்

குழு: கொக்குவில் வீடு

[காலை 7:38] சின்னவள்: அண்ணா, முழிப்பா? லண்டனிலிருந்து எங்கள் கலியாண மண்டபத்தைக் கேட்டு மெயில் வந்திருக்கிறது. வாசிக்க முடிகிறது, பதில் போடத்தான் முடியவில்லை. மண்டபத்தின் பெயரில் அனுப்ப எனக்கு அனுமதி இல்லையாம். இன்றைக்குள் பதில் கேட்கிறார்கள்.

[7:40] மாமா: பாஸ்வேர்டைக் கொடு தம்பி. அத்தான் இருந்தபோது அப்படித்தானே.

[7:41] சித்தி: தேருக்கு வான் சொல்லியாச்சா?

[7:46] பெரியவன் (டொரொண்டோ): முழிப்புத்தான், இங்கே இரவு பத்தேகால். மாமா, இது ஷெயார்ட் மெயில்பாக்ஸ், பல பேருக்குப் பொதுவான மெயில் பெட்டி. அதற்கென்று பாஸ்வேர்ட் போட்டு யாரும் உள்ளே போகக்கூடாது. அவரவர் தங்கள் கணக்கால்தான் திறக்க வேண்டும். சின்னவள், திறந்து வாசிப்பது ஒரு அனுமதி, அந்தப் பெயரில் அனுப்புவது வேறு அனுமதி. முதலாவதுக்குப் பெயர் ஃபுல் அக்ஸஸ், இரண்டாவதுக்கு சென்ட் ஆஸ். முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வராது. உனக்கு முதலாவதை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன், பிழை என்னுடையது.

[7:47] சின்னவள்: சரி. ஒஃபிஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக்கின் இடப்பக்கமும் அது வரவில்லை. பிறவுசரில்தான் திறக்கிறேன்.

[7:52] பெரியவன்: அதுவும் என் வேலைதான். அனுமதியை மெயில் கணக்குகளின் குழு ஒன்றுக்குக் கொடுத்து, உன்னை அந்தக் குழுவில் போட்டேன். ஆளின் பெயருக்கு நேரே கொடுத்தால்தான் அவுட்லுக்கில் தானாக வரும். இரண்டையும் இப்போது உன் பெயருக்கே போடுகிறேன். ஒரு மணித்தியாலம் வரை எடுக்கலாம், பொறுத்திரு.

[7:53] மாமா: என் பெயர் இருக்கிறதா, எடுத்துவிட்டாயா?

[7:55] பெரியவன்: இருக்கிறது மாமா.

[7:55] மாமா: அந்த இரண்டு கலியாணப் பிரச்சினையை இன்னும் என் தலையில்தான் போடுகிறீர்கள்.

[7:58] பெரியவன்: இல்லை மாமா. ஒரே பாஸ்வேர்டில் நாலு பேர் இருந்தோம், யார் என்ன பதில் போட்டார் என்று எவருக்கும் தெரியவில்லை. ஒரே நாளுக்கு இரண்டு வீட்டுக்காரர் வாழைமரத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவேயில்லை. அதற்காகத்தான் மாற்றினேன்.

[7:59] சித்தி: விடுங்கோ அதை. தேரன்று விடியவே வீதியை மறித்துவிடுவார்கள். வான் எத்தனை மணிக்கு?

[8:00] அம்மா: நாலரை.

[8:00] மாமா: ஐந்து காணும்.

[8:06] பெரியவன்: இன்னொன்று. மண்டபத்தின் பெயரில் நீ அனுப்பினாலும் பிரதி உன்னுடைய சென்ட் பெட்டியில்தான் விழும், மற்றவர்கள் பார்க்க மாட்டார்கள். மண்டபப் பெட்டியிலும் ஒரு பிரதி விழும்படி அட்மின் பக்கத்தில் போட்டுவிட்டேன். மாமாவும் பார்க்கலாம்.

[8:07] மாமா: சரி.

[8:51] சின்னவள்: அண்ணா, இடப்பக்கம் வந்துவிட்டது! அனுப்பினால் அதே பிழை.

[8:53] பெரியவன்: புது மெயில் எடு. ஃப்ரம் பெட்டியில் பழையதைத் தொடாமல், விலாசப் பட்டியலில் மண்டபத்தைத் தேடித் தெரிவுசெய்.

[9:04] சின்னவள்: போய்விட்டது!! ஜனவரி 22 மண்டபம் இருக்கிறது என்று எழுதினேன்.

[9:05] சித்தி: கெட்டிக்காரி.

[9:09] மாமா: பிள்ளை, சிவப்பு மட்டைக் கொப்பியைப் பார்த்தாயா? 22க்குப் பென்சிலால் ஒரு பெயர் கிடக்கிறது.

[9:09] சின்னவள்: யார் எழுதினது?

[9:10] மாமா: அக்காவின் எழுத்துப் போல.

[9:12] அம்மா: பொறுங்கோ, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன்.