யூகேனியன் குன்றுகளில் மிதிவண்டிப் பயணம்: வழித்தடம் பற்றி ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். வரும் செப்டம்பர் இறுதியில், திராட்சை அறுவடைக் காலத்தில், வட இத்தாலியின் பதுவா நகருக்குத் தென்மேற்கே உள்ள யூகேனியன் குன்றுகளில் நான்கு நாட்கள் சாலை மிதிவண்டி ஓட்டத் திட்டமிட்டுள்ளேன். ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் செயல்பாட்டால் உருவான இக்குன்றுகளில் மிக உயர்ந்த வெண்டா சிகரமே 601 மீட்டர்தான். ஆனால் சமவெளியிலிருந்து திடீரென எழும்புவதால், ஏற்றங்கள் குறுகியவையாக இருந்தாலும் சில இடங்களில் சரிவு 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. (வெனிஸ் நகரின் புனித மாற்கு சதுக்கத்தில் பாவிய கற்கள் இங்கிருந்து வெட்டிச் சென்றவை என்பது எனக்கு ஒரு கூடுதல் ஈர்ப்பு.)

குன்றுகளைச் சுற்றிவரும் 60 கிலோமீட்டருக்குச் சற்று மேலான மிதிவண்டிப் பாதையை முதல் நாள் முடித்துவிட்டு, மறுநாள் தெயோலோ, ரொக்கோலோ கணவாய் வழியாக ஏறி, கவிஞர் பெத்ரார்க்கா 1374-இல் மறைந்த ஆர்க்குவா கிராமத்தில் இறங்க எண்ணுகிறேன். என் வண்டியில் முன்புறச் சிறிய பல்சக்கரம் 34 பற்கள், பின்புறப் பெரியது 28 பற்கள் கொண்டவை. ஐம்பதைக் கடந்த என் முழங்கால்களுக்கு இது போதுமா, ஏற்றத்தில் மிதிப்பது எளிதாகப் பின்புறம் 32 பற்களுக்கு மாற்றுவது நல்லதா? சுற்றுப்பாதையின் மண், சரளைப் பகுதிகளுக்கு 25 மில்லிமீட்டர் டயர் தாங்குமா? அறுவடை டிராக்டர்கள் குறுகிய சாலைகளில் எந்த அளவுக்கு இடையூறாக இருக்கும்? தங்குவதற்கு, மாலையில் வெந்நீர்க் குளியலுக்கு வசதியான அபானோ ஊரா, அமைதியான எஸ்தே ஊரா என்றும் முடிவு செய்ய இயலவில்லை. அங்கு ஓட்டிய அனுபவம் உள்ளவர்கள் தங்கள் வழித்தடக் கோப்பினையும் பகிர்ந்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.