நீலகிரி ஆட்டுக் கம்பளி நூல் எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். எண்பது வயது அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன வேண்டும். முதலில் ஐஸ்லாந்து லோப்பி நூலில் பின்னினேன். அந்த ஊர் ஆட்டுக்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலே மழையைத் தள்ளிவிடும் நீளமான முரட்டு இழை, உள்ளே சூட்டைப் பிடித்துவைக்கும் மெல்லிய இழை. இரண்டும் சேர்ந்திருப்பதால் நல்ல கதகதப்பு. ஆனால் போட்ட அரை மணி நேரத்தில் அம்மாவின் கழுத்தோரம் சிவந்து தடித்துவிட்டது. தடிமன் 30 மைக்ரானைத் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய இழை வளைந்து கொடுக்காது, தோலைக் குத்தும். மெரினோ என்ற மென்மையான ரோம ஆட்டின் இழை பெரும்பாலும் 24-க்குள்தான் இருக்கும்.

சரி, மெரினோவே வாங்கலாம் என்று பார்த்தபோதுதான் நீலகிரி ஆடு நினைவுக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சௌத்டவுன் இனங்கள் கலந்து உருவான ஆடு. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லா பண்ணையில் வளர்க்கிறார்கள். அருகிவரும் இனம், நூலை வாங்க ஆள் இருந்தால் ஆடும் நிலைக்கும் என்று நம்புகிறேன்.

இதில் பின்னியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நூலாகவே கிடைக்குமா, இல்லை ரோமத்தை வாங்கி நூற்கக் கொடுக்க வேண்டுமா? கழுத்தில் உறுத்துமா? கொஞ்சம் மாதிரி நூல் இருந்தால் அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது. 400 கிராம் தேவை, மார்கழிக்குள் முடித்தாக வேண்டும்.