ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது: பழைய கொம்பியூட்டரில் லினக்ஸ் ஏற மாட்டேன் என்கிறது

கடற்கரைப்பக்கம் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறேன், மரைன் டிரைவுக்கு இரண்டு வீடு தள்ளி. வீட்டிலிருந்து தட்டெழுத்து வேலை செய்கிறேன். கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டி அழைப்பு, மாணவர்களின் ஒப்படைகள் என்று வரும். கொம்பியூட்டர் அப்பா 2010 இல் வாங்கியது: கோர் 2 டுவோ இ7500, ஜி41 மதர்போர்ட், 2 ஜிபி ராம் காட் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், வின்டோஸ் 7.

ஆறேழு மாதமாகப் புரோகிராம்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. முதலில் பயர்பொக்ஸ், பிறகு வேர்ட், இப்போது படம் பார்க்கும் புரோகிராம்கூட. ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் மணிக்கணக்கில் ஓடும். மூன்று நான்கைத் திறந்தால் ஏதாவது ஒன்று விழும். பின்னேரங்களில் நீலத்திரையும் வரும், அதில் எழுதியிருக்கும் காரணம் ஒரு நாளைப்போல் மறுநாள் இல்லை. காலையில் போட்டால் டிஸ்கைச் சோதிக்கப் போகிறேன் என்று 10 இலிருந்து கீழே எண்ணத் தொடங்கும். நான் விட்டுவிடுவேன், அது தன்பாட்டில் ஏதோ செய்து முடிக்கும்.

ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். வின்டோஸைத் திரும்பப் போட்டுத் தந்தார்கள். நாலு நாளில் பழையபடி. இரண்டாம் தடவை போனபோது போர்ட் போய்விட்டது, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்றார்கள்.

வின்டோஸ் 7 இன் பாதுகாப்பு 2020 ஜனவரியோடு முடிந்ததுதானே, இந்தப் பெட்டியில் வின்டோஸ் 11 உம் ஏறாது. அதனால் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போடலாம் என்று புதிதாக 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கிப் பூட்டினேன். மூன்று இரவு முயன்றேன். முதல் தடவை பாதி வழியில் 'எரர்னோ 5' என்று வந்து, டிஸ்க் பழுதாக இருக்கலாம் என்றது. இரண்டாம் தடவை திரை கறுப்பாகி அப்படியே நின்றது. மூன்றாம் தடவை மொழி தெரிவு செய்யும் இடத்திலேயே இன்ஸ்டாலர் மூடிக்கொண்டது. புது எஸ்எஸ்டி பழுதா? இல்லை, பென்டிரைவா?

ஒன்று சொல்ல வேண்டும். பழைய டிஸ்கின் டி பகுதியில் அப்பா தட்டெழுதிய 61 கோப்புகள் இருக்கின்றன. ஊர், சின்ன வயது, தோட்டக் கிணறு, அந்தக் காலத்து மனிதர்கள் என்று கடைசி நான்கு வருடம் தினமும் காலையில் இருந்து எழுதினார். வேறு பிரதி இல்லை. பெட்டி போனால் போகட்டும், அந்தக் கோப்புகள் எனக்கு வேண்டும்.

தெஹிவளையான் | செவ்வாய், இரவு 10.15

அக்கா, இ7500 ஒரு 64 பிட் சிப். மின்ட் தாராளமாக ஏறும், அதில் பிரச்சினை இல்லை. டவுன்லோட் குறையாக வந்திருக்கலாம், அல்லது பென்டிரைவில் சரியாக எழுதப்படாமல் இருக்கலாம். மின்ட் தளத்தில் அந்தக் கோப்புக்கு எஸ்எச்ஏ256 என்று 64 எழுத்து கொண்ட ஒரு நீளமான எண் போட்டிருப்பார்கள், கோப்பின் கைரேகை மாதிரி. வின்டோஸ் 7 இல் 'செர்ட்யூட்டில்' கட்டளை இருக்கிறது, அதால் உங்கள் கோப்பின் எண்ணை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு கொம்பியூட்டர் கைவசம் இருந்தால் அதிலும் பாருங்கள்.

கடற்கரைப்பக்கம் | புதன், காலை 6.50

தம்பி, விடிய எழும்பிப் பார்த்தேன். மகளின் மடிக்கணினியில் எண் அப்படியே பொருந்துகிறது. அதே கோப்பைப் பழைய பெட்டியில் மூன்று தடவை கணக்கிட்டேன். முதலாவதும் இரண்டாவதும் ஒன்றுக்கொன்று வேறு, இரண்டும் சரியான எண் இல்லை. மூன்றாவது தடவை சரியான எண் வந்தது! கோப்பை நான் தொடவே இல்லை. மூன்றையும் கொப்பியில் எழுதி ஒவ்வொரு எழுத்தாகப் பென்சிலால் அடையாளம் போட்டுப் பார்த்தேன். என் கண்ணில் பிழை இல்லை.

கொழும்பு13 | புதன், காலை 8.05

அக்கா, இனி அந்தப் பெட்டியைப் போடாதீர்கள். இதைக் கடைசிவரை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

நான் இருபது வருடமாகக் கொம்பியூட்டர் திருத்துகிறேன். நீங்கள் கொப்பியில் எழுதிய அந்த மூன்று எண்ணே காரணத்தைக் காட்டிவிட்டது. கோப்பு ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான், விடை மட்டும் மாறுகிறது. அப்படியென்றால் கோப்பை வைத்துக் கணக்குப் பார்க்கும் இடம் பிசகுகிறது. பெரும்பாலும் ராம். பழுதான ராமில் 1 என்று வைத்தது 0 ஆகத் திரும்பி வரும், கோடிக்கணக்கான அறைகளில் ஒன்றிரண்டில் மட்டும். ஒரு புரோகிராம் ஓடும்போது அந்த அறையில் கை படாது. நாலைத் திறக்க இடம் நிரம்பி, பழுதான அறையும் பாவனைக்கு வரும். அதில் எது குந்தியிருந்ததோ அது விழும். இன்ஸ்டாலர் வேறு வேறு இடத்தில் நிற்பதும் அதனால்தான். பென்டிரைவில் ஒரு இடம் பழுதென்றால் ஒவ்வொரு தடவையும் அநேகமாக அதே இடத்தில்தான் நிற்கும்.

எரர்னோ 5 இல் டிஸ்கைக் குற்றம் சொன்னதை நம்பி எஸ்எஸ்டியை மாற்றப் போகாதீர்கள். வாசித்த தரவு பிழையாக வந்தது என்பது மட்டும்தான் இன்ஸ்டாலருக்குத் தெரியும். எங்கே பிழை வந்தது என்று அதற்குத் தெரியாது.

எனக்குப் பயமாக இருப்பது நீங்கள் சும்மா சொல்லிவிட்டுப் போன அந்தக் காலை எண்ணிக்கைதான். அது செக்டிஸ்க். டிஸ்கின் கோப்புப் பட்டியலை ராமில் எடுத்து வாசித்து, பிழை என்று பட்டதைத் 'திருத்தி' டிஸ்கில் எழுதும். ராம் பொய் சொன்னால் நல்ல பட்டியலைக் கெட்டதென்று நினைத்து மாற்றி எழுதிவிடும். ஆகவே முதல் வேலை, பழைய 500 ஜிபி டிஸ்கின் இரண்டு வயரையும் கழற்றி விடுங்கள். ராம் சரியென்று தெரியும்வரை அதைப் பூட்டவே கூடாது. 'போவதற்குள் கொப்பி பண்ணி வைப்போம்' என்றும் நினைக்காதீர்கள். இந்த ராம் ஊடாகப் போகும் பிரதியும் பழுதாகலாம்.

பிறகு மகளின் மடிக்கணினியில், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஐ எடுத்துப் பென்டிரைவில் எழுதுங்கள். இலவசம், வின்டோஸோ லினக்ஸோ தேவையில்லை, பென்டிரைவிலிருந்து நேரே ஓடும். முதலில் இரண்டு காட்டோடும் ஓட விடுங்கள். பிழை வந்தால் சுவர் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்து, பெட்டியின் இரும்பைக் கையால் தொட்டுவிட்டு, ஒரு காட்டை எடுங்கள். மற்றதை மட்டும் வைத்து இரவு முழுக்க ஓட விடுங்கள். மறுநாள் மாற்றிப் பூட்டுங்கள். ஒரு காட் பிழை காட்டினால் அதே காட்டை அடுத்த ஸ்லொட்டிலும் போட்டுப் பாருங்கள். காட்டோடு பிழையும் கூடப் போனால் காட் பழுது. எந்தக் காட் போட்டாலும் ஒரு ஸ்லொட்டில் மட்டும் பிழை என்றால் ஸ்லொட். ஒன்றிரண்டு பிழைதானே என்று விடக்கூடாது, பூச்சியம்தான் சரி.

கழற்றும்போது காட்டின் பொன்னிறப் பற்களைப் பாருங்கள். கடலுக்குப் பக்கத்து வீடு, உப்புக்காற்று அதில் மங்கலாகப் படியும். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை நன்றாகத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்திலிருந்து எனக்கு வந்த பெட்டிகளில் எத்தனையோ இந்த அழிறப்பரோடு சரியாகியிருக்கின்றன. அப்படியே புரொசஸரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகள், கப்பாசிட்டர்கள், தலை வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீங்கியிருந்தால் எழுதுங்கள், அது வேறு கதை.

போர்ட் போய்விட்டது என்று சொன்னவர்கள் ஒரு காட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். அது எனக்கு மனவருத்தம்.

கடற்கரைப்பக்கம் | வெள்ளி, இரவு 8.30

அண்ணா, நீங்கள் சொன்ன ஒழுங்கிலேயே செய்தேன். டிஸ்கைக் கழற்றி, துணியில் சுற்றி அலுமாரியில் வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையே.

இரண்டு காட்டோடும் போட்டு ஆறு நிமிடம்கூட ஆகவில்லை, திரையின் கீழ்ப்பாதியில் பிழை வரிகள் விழத் தொடங்கின. கழற்றிப் பார்த்தால் இரண்டு காட்டின் பற்களும் பழைய பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி மங்கி இருந்தன. மகளின் அழிறப்பரால் தேய்த்தேன், பளிச்சென்று வந்தது. ஒன்று இரவு முழுக்க ஓடியும் பூச்சியம். மற்றது துடைத்த பிறகும் பிழைதான், ஸ்லொட்டை மாற்றினாலும் அதே பிழை. கப்பாசிட்டர் எதுவும் வீங்கவில்லை.

நல்ல காட்டை மட்டும் வைத்து, மின்டைப் பென்டிரைவிலிருந்தே ஓட விட்டு, அந்த மின்ட் கோப்பின் எண்ணை ஐந்து தடவை எடுத்தேன். ஐந்தும் ஒன்று! கொப்பியில் ஐந்து தடவையும் எழுதினேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. பிறகு மின்ட் ஒரே மூச்சில் ஏறியது, அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. 2 ஜிபி ராமில் பயர்பொக்ஸும் லிப்ரே ஒபிஸும் சேர்ந்து ஓடுகின்றன.

பிறகுதான் பழைய டிஸ்கைப் பூட்டினேன். 61 கோப்பும் பெயரோடு இருக்கின்றன. ஆனால் முதல் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் இடையிடையே அரைப்புள்ளியுமாக இருக்கிறது, தமிழே இல்லை. எல்லாம் பழுதாகிவிட்டதா? கை நடுங்குகிறது, அதற்கு மேல் ஒன்றையும் தொடவில்லை.

பாமினிவிரல் | வெள்ளி, இரவு 8.52

அக்கா, பயப்பட வேண்டாம், அது பழுது இல்லை! அப்பா பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியிருக்கிறார். பாமினி இப்போது பாவிக்கும் யூனிகோட் முறை இல்லை, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். அந்த அரைப்புள்ளிகள் எல்லாம் மெய்யெழுத்தின் புள்ளிகள். பழைய டிஸ்கில் வின்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டருக்குள் பாமினி இருக்கும். அதை எடுத்து இரட்டை கிளிக் செய்தால் மின்டிலேயே நிறுவலாம். பிறகு லிப்ரே ஒபிஸை மூடித் திறங்கள். பழைய டிஸ்கில் எதையும் எழுத வேண்டாம், எடுப்பது மட்டும்.

கடற்கரைப்பக்கம் | வெள்ளி, இரவு 9.20

வந்துவிட்டது தங்கச்சி. முதல் வரியே "எங்கள் கிணற்றுக்குத் துலா போட்டது அப்புவின் தகப்பன்" என்று இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

58 கோப்பு நன்றாகத் திறக்கின்றன. எல்லாவற்றையும் மகளின் மடிக்கணினிக்கும் ஒரு புதுப் பென்டிரைவுக்கும் எடுத்து, இரண்டு பக்கமும் எண் ஒப்பிட்டுவிட்டேன். மூன்று மட்டும் திறக்கவில்லை, கோப்பு சிதைந்திருக்கிறது என்கிறது. மூன்றும் இந்த வருடம் நான் பிழை திருத்தித் திரும்பச் சேமித்தவை. நான் தொடாமல் விட்டிருக்கலாம்.

கொழும்பு13 | வெள்ளி, இரவு 10.10

உங்கள் பிழை இல்லை அக்கா, ராமின் பிழை. பழைய வேர்ட் கோப்பு என்றால் இன்னும் வழி இருக்கிறது, பாமினியில் இருப்பதுதான் இங்கே நல்லதாகப் போயிற்று. அப்படிப்பட்ட கோப்புக்குள் எழுத்துகள் சாதாரண ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். அமைப்புச் சிதைந்தாலும் எழுத்து இருக்கும். டெர்மினலைத் திறந்து 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற கட்டளையின் பின்னால் கோப்பின் பெயரைக் கொடுங்கள், வாசிக்கக்கூடிய எழுத்தை மட்டும் கொட்டும். கட்டளை இல்லை என்றால் 'பின்யூட்டில்ஸ்' பொதியை நிறுவுங்கள். வருவதைப் புதுப் பக்கத்தில் ஒட்டி எழுத்துருவைப் பாமினியாக மாற்றுங்கள். சில எழுத்துகள் விடுபடும், பந்தி பிரிப்பு இருக்காது. மூலக் கோப்பில் செய்யாதீர்கள், பிரதியில் மட்டும்.

இன்னொரு 2 ஜிபி காட் வாங்குவதென்றால் யூனிட்டி பிளாசாப் பக்கம் பழையது கிடைக்கும். உங்கள் பழுதான காட்டைக் கையோடு கொண்டுபோங்கள், ராம் வகைகளான டிடிஆர்2 உக்கும் டிடிஆர்3 உக்கும் வெட்டு வேறு. டிடிஆர்3 என்றால், 4 ஜிபி காட்டைத் தந்தாலும் ஒரு பக்கம் எட்டு சிப் மட்டும் இருக்கும் புதிய வகை ஜி41 இல் ஓடாது, இரண்டு பக்கமுமாகப் பதினாறு சிப் உள்ளது வேண்டும். வாங்கியதும் மெம்டெஸ்ட் ஒரு இரவு.

கடற்கரைப்பக்கம் | சனி, மாலை 5.15

இரண்டு கோப்பு முழுதாக வந்துவிட்டன. மூன்றாவதில் பாதிதான் வந்தது. மீதிப் பாதியின் கையெழுத்துப் பிரதி அப்பாவின் நீலக் கொப்பியில் இருக்கிறது என்று அம்மா சொல்கிறார், அலுமாரி மேல்தட்டில். கதிரை போட்டு ஏறி எடுத்திருக்கிறேன், தட்டெழுதப் போகிறேன். இந்தத் தடவை யூனிகோடில்.