டியூப்லைட், ஃபேன், நம்ம முதல் குறும்படம்: உங்கள் அனுபவம் என்ன?

விஸ்காம் இரண்டாம் ஆண்டில் ஐந்து நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டியிருந்தது. நான்கு பேருக்கு ஒரு கேமரா. சனி, ஞாயிறு எங்களிடம் இருக்கும், திங்கள் காலை திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நண்பனின் பாட்டி வீட்டுச் சமையலறையில் இரவுக் காட்சி. சோக் வைத்த பழைய டியூப்லைட்தான் வெளிச்சம். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. பாட்டி சளைக்காமல் மூன்று டேக் நடித்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை எடிட்டிங் லேபில் பெரிய மானிட்டரில் போட்டதும் வயிற்றைக் கலக்கியது. பாட்டியின் முகத்தின் மேல் மங்கலான பட்டைகள் ஓடிக்கொண்டே இருந்தன. கேமராதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். லேப் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஷட்டர் எவ்வளவு வச்சீங்க தம்பி?"

"அறுபது அண்ணே."

"நம்ம ஊர் கரண்ட் எவ்வளவு?"

அப்போதுதான் புரிந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் அந்த டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது. ஷட்டர், அதாவது ஒரு பிரேமுக்குக் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம், 1/50 நொடி என்றால் ஒவ்வொரு பிரேமிலும் சரியாக இரண்டு மினுக்கல் விழும், 1/100 என்றால் ஒன்று. 1/60-இல் ஒன்று முழுதாகவும் இன்னொன்று அரைகுறையாகவும் விழுகிறது. சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் அந்த அரைகுறை பட்டையாகத் தெரிகிறது. கேமரா மெனுவோ 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான என்.டி.எஸ்.சி. அமைப்பில், நொடிக்கு 30 பிரேமில் இருந்தது. நம்மைப் போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கான பி.ஏ.எல்., 25 பிரேம், 1/50 என்று மாற்றினோம்.

அடுத்த சனிக்கிழமை தயங்கித் தயங்கித்தான் பாட்டி வீட்டுக்குப் போனோம். அன்று கட்டியிருந்த அதே சுங்குடிச் சேலையைத் துவைக்காமல் மடித்து வைத்திருந்தார். "மறுபடி வருவீங்கன்னு தெரியும்" என்றார். கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் பார்த்துக்கொள்வது) என்ற சொல்லை வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான்.

*

என்னைத் திணறடித்தது எடிட்டிங். டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில், பழைய லேப்டாப்பில், 4கே கோப்புகள் விக்கி விக்கித்தான் ஓடின. மென்பொருளே சரியில்லை என்று இரண்டு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ப்ராக்ஸி போடக் கற்றுக்கொண்டேன். சின்ன அளவுப் பிரதிகளில் வெட்டிவிட்டு, கடைசியில் அசல் கோப்பிலிருந்து ரெண்டர் செய்தால் போதும். முதல் நாளே யாராவது சொல்லித் தர வேண்டிய விஷயம் இது.

*

எனக்குத் தொல்லை கொடுத்தது ஃபேன். அம்மாவும் அக்காவும் பேசும் காட்சி. அம்மா ஷாட்டில் ஃபேன் ஓடியது. அக்கா ஷாட் எடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டது, வெளிச்சம் இருக்கிறதே என்று அப்படியே எடுத்துவிட்டோம். டைம்லைனில் ஒரு வசனத்துக்கு உர்ர் என்ற இரைச்சல், அடுத்ததற்கு நிசப்தம். நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் அம்மாவின் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. கடைசியில் அதே அறையில் ஃபேன் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்து, காட்சி முழுக்க அடியில் விரித்தேன். வெட்டுகள் மறைந்துவிட்டன.

இப்போது எந்த வீட்டில் எடுத்தாலும் முதலில் ஃபேன், ஃப்ரிட்ஜ் இரண்டையும் நிறுத்துகிறேன். காட்சி முடிந்ததும் எல்லோரையும் அரை நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி ரூம் டோன், அதாவது அந்த அறையின் வெறும் சத்தத்தை, எடுக்கிறேன். வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன். கிளம்பும்போது சாவியைத் தேடிப் போனால் ஸ்விட்ச் போட வேண்டியது நினைவுக்கு வரும், அந்த வீட்டுப் பாலும் கெடாது.