மறு: ‘ஹை கிளாஸ்’ – ‘ஆடிமெருகு’ எனலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

தளவாட (மரச்சாமான்) பட்டறைகளுக்கான சொற்பட்டியலில் ‘ஹை கிளாஸ்’ (high gloss) என்ற பதிவுக்கு ‘உயர்பளபளப்பு’ என்று கோலாலம்பூர் ஐயா முன்மொழிந்திருந்தார். சொல்லமைப்பில் குறை காண முடியாது. ஆனால், எம்.டி.எஃப். (மர இழைகளை அழுத்திச் செய்யும்) பலகையில் இந்த வேலையைச் செய்பவர்கள் எதற்காகப் பாடுபடுகிறார்களோ அதை அந்தச் சொல் தொடவில்லை என்பது என் கருத்து. இங்கே பினாங்கின் பிறைப் பக்கத்துப் பட்டறைகளில் சமையலறை அலமாரிக் கதவு ஒன்றுக்குச் சாயமடித்துக் காய்ந்ததும், அதைக் குழல்விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேற்பார்வையாளர் கேட்கும் கேள்வி, “மூஞ்சி தெரியுதா?” என்பதுதான். பளபளப்பதும் முகம் தெரிவதும் ஒன்றல்ல. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் சொல் தானாக அமையும் என்று நினைக்கிறேன்.

பளபளப்பைக் கருவியால் அளக்கலாம். பளபளப்புமானி 60 பாகைச் சாய்வில் ஒளியைப் பாய்ச்சி, அதே சாய்வில் எதிர்ப்புறம் தெறிக்கும் ஒளியை அளக்கிறது. ஒளிவிலகல் எண் 1.567 கொண்ட, மெருகிட்ட கருங்கண்ணாடிக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றப் பரப்புகளை அதனோடு ஒப்பிடுகிறது. அளவு 70ஐத் தாண்டினால் 20 பாகைக்கு மாற வேண்டும். 10க்குக் கீழே இறங்கினால் 85 பாகைக்கு. சிக்கல் என்னவென்றால், இந்த எண் நன்றாக உயர்ந்திருக்கும்போதே கதவில் விழும் விளக்கின் பிம்பம் நெளிநெளியாகத் தெரிவதுண்டு. சாயம் தடிப்பாக இருந்தாலும், தின்னர் (சாயத்தை இளக்கும் கரைப்பான்) விரைந்து பறந்துவிட்டாலும், சாயம் தெளிக்கும் துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்தாலும், துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமனாவதற்குள் இறுகி மேடுபள்ளமாக நின்றுவிடும். பட்டறையில் ‘ஆரஞ்சுத்தோல்’ என்று சொல்வது இதைத்தான். அந்த மேடுபள்ளம் அகன்று தாழ்ந்த அலையாக இருப்பதால் மானி அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வீட்டுக்காரம்மா கண்டுகொள்வார்.

(‘ஆரஞ்சுத்தோல்’ என்பதைக் ‘கிச்சிலித்தோல்’ ஆக்க வேண்டும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. சந்தையில் யாரும் கிச்சிலி கேட்டு வாங்குவதில்லை.)

எம்.டி.எஃப். பலகையில் இந்தச் சமன்மை ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதற்குப் பலகையின் அமைப்பே காரணம். மரத்தை இழை இழையாகப் பிரித்து, யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசினும் சிறிது மெழுகும் சேர்த்து, சூட்டில் அழுத்திச் செய்யும் பலகை இது. அடர்த்தி பெரும்பாலும் கன மீட்டருக்கு 600 முதல் 800 கிலோ வரை இருக்கும். அழுத்தும்போது சூட்டுத் தகட்டைத் தொடும் இரு முகங்களும் நன்கு இறுகிவிடுகின்றன. நடுப்பகுதியில் இழைகள் அவ்வளவு நெருக்கமாக அமைவதில்லை. ஆகவே முகம் சாயத்தைத் தாங்கி நிற்கும்; அறுத்த பக்கம் குடித்துவிடும். நம் மலேசியாவில் இந்தப் பலகைக்கு முக்கிய மூலப்பொருளாக இருப்பது, பால் குறைந்து 25, 30 ஆண்டுகளில் வெட்டப்படும் ரப்பர் மரம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பாட்டன்மார் பால் வெட்டிய மரத்துக்குப் பேரன்மார் மெருகேற்றுகிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு சொல் இருந்தால்தான் என்ன?

அறுத்த பக்கத்துக்கு ‘வெட்டுமுகம்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். வெட்டுமுகத்தில் முதல் பூச்சு விழுந்த சற்று நேரத்தில் ஈரம் உள்ளே இழுக்கப்பட்டு, நிறம் மங்கி, நுண்ணிழைகள் தூக்கிக்கொண்டு நிற்கும். காய்ந்தபின் விரலை ஓட்டினால் மழிக்காத தாடையைத் தடவுவதுபோல் சுரசுரக்கும். நீர்க்கலவைப் பூச்சானால் இழை ஊதுவது இன்னும் கூடும் என்பதால், முதல் பூச்சுக்குக் கரைப்பான் வகைப் பாலியூரித்தேன் சீலரையோ அரக்குச் சீலரையோ எடுப்பார்கள். துளைகளை அடைத்து, மேலே வருவது உறிஞ்சப்படாமல் காப்பது இதன் வேலையாதலால் ‘அடைபூச்சு’ பொருந்தும். அதன்மேல் தடிப்பாக அடித்துத் தேய்த்துச் சமனாக்குவது ‘அடிப்பூச்சு’. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால், பயிற்சிக்கு வரும் பையன் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை நான்கு தடவை அடித்துக்கொண்டிருப்பான்.

சாயம் தொடங்கும் முன்பே வெட்டுமுகத்தின் கூர்விளிம்பை உப்புத்தாளால் இலேசாக மழுக்கிவிடுவது வழக்கம். ஈரச்சாயம் கூர்விளிம்பிலிருந்து பின்வாங்கும் இயல்புடையது. மழுக்காவிட்டால் அங்கே படலம் மெலிந்து, தேய்க்கும்போது பலகை வெளியே எட்டிப் பார்க்கும். அடிப்பூச்சு காய்ந்ததும் வேறு நிறச் சாயத்தை மெல்லிதாகத் தூவி, கட்டையில் சுற்றிய 320ஆம் எண் தாளால் தேய்ப்பார்கள்: மேட்டில் இருந்த நிறம் போய்விடும், பள்ளத்தில் இருப்பது எஞ்சி நின்று காட்டிக்கொடுக்கும். இதற்கு நம் பட்டியலில் உள்ள ‘வழிகாட்டிப் பூச்சு’ சாலைப் பலகையை நினைவூட்டுகிறது, ‘காட்டுபூச்சு’ போதும். அடிப்பூச்சு உள்ளே வரை காய்வதற்கு முன் அவசரப்பட்டு மேற்பூச்சு அடித்த கதவு, கடையைவிட்டுப் போகும்போது அழகாகத்தான் இருக்கும். சில வாரங்களில் அடிப்பூச்சு மேலும் சுருங்கி, இழைத் தடமும் தேய்த்த கீறலும் மேலே அச்சாக எழும். கறுப்பு நிறத்தில் இது மிக மோசமாகத் தெரியும்.

ஆக, முகம் தெரியும் பரப்பு கடைசி டின்னிலிருந்து வருவதில்லை. கீழ்ப்படலங்களைத் தேய்த்த கையிலிருந்து வருகிறது. மேற்பூச்சு இறுகியபின் நீர்விட்டு 1500, 2000ஆம் எண் தாள்களால் தேய்த்து, பின் கம்பவுண்டு (மெருகேற்றும் பசை) வைத்துச் சுழற்றுவதும் தேய்ப்புதான். தேய்ப்பதால் பிறக்கும் ஒளிக்குத் தமிழில் ‘மெருகு’ என்ற சொல் பொற்கொல்லரிடம் என்றோ இருக்கிறது. பிம்பம் காட்டும் பரப்புக்கு ‘ஆடி’ இருக்கிறது. இயற்பியல் பாடநூல்களில் குழியாடி, குவியாடி, சமதள ஆடி என்று படித்தவர்கள்தான் நாம். இரண்டையும் சேர்த்து ‘ஆடிமெருகு’ என்று முன்மொழிகிறேன். ‘பூச்சு’ என்ற ஈற்றை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்: சாயமே அடிக்காமல், ஆலையிலேயே அக்ரிலிக் தகடு ஒட்டி வரும் பலகையும் இப்போது இதே பெயரில் விற்கப்படுகிறது, அதையும் ‘ஆடிமெருகுப் பலகை’ என்று அழைக்க முடியும்.

*

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

விளக்கம் நன்று. இருந்தாலும் எனக்கு இரண்டு தயக்கங்கள். ஆடி என்றதும் கிள்ளான் பக்கத்துப் பையனுக்கு மாதமும் கூழும் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் நான்கு வளையம் போட்ட ஜெர்மன் கார் நினைவுக்கு வரும். ‘கண்ணாடிமெருகு’ என்று சொன்னால் யாருக்கும் விளங்குமே. இரண்டாவது, என் ‘உயர்பளபளப்பு’ ஒரு வரிசையைத் தருகிறது: உயர்பளபளப்பு, இடைப்பளபளப்பு, தாழ்பளபளப்பு. சாய டின்னில் எழுதியிருக்கும் மூன்று வகைக்கும் ஒரே அச்சில் வார்த்த மூன்று சொற்கள் கிடைக்கின்றன. ஆடிமெருகுக்குக் கீழே எதை வைப்பீர்கள்?

இன்னொன்று, ‘பிளஷிங்’ (blushing, பூச்சு வெளுத்துப்போகும் கேடு) என்ற பதிவுக்கு ‘நாணல்’ என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அது ஆற்றங்கரைப் புல். அதையும் சற்றுப் பாருங்கள்.

*

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

கண்ணாடிமெருகு விளங்கும் என்பது உண்மை. தவறாக விளங்கும் என்பதே என் கவலை. அலமாரிக் கதவுகளில் உண்மையான கண்ணாடி பதித்தவையும் உண்டு. விலைப்பட்டியலில் ‘கண்ணாடிக் கதவு’, ‘கண்ணாடிமெருகுக் கதவு’ என்று அடுத்தடுத்து இருந்தால் வாங்குபவர் எதைக் கேட்டார் என்பதில் சண்டை வரும். மாதத்தைப் பற்றிய தயக்கம் தனிச்சொல்லாக நிற்கும்போதுதான் எழும். ‘மெருகு’ ஒட்டியபின் யாரும் கூழ் காய்ச்சப் போவதில்லை.

வரிசை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அளவைச் சொல்லும் இடத்தில், அதாவது மானி காட்டும் எண்ணை எழுதும் இடத்தில், ‘பளபளப்பு’ அப்படியே இருக்கட்டும். உங்கள் மூன்று சொற்களும் டின்னின் மேல் அச்சிடப் பொருத்தமானவை. வேலையின் முடிவைச் சொல்லும் இடத்தில் ஆடிமெருகு, அரைமெருகு, மங்கல் என்ற மூன்றும் போதும். உயர்பளபளப்புச் சாயம் அடித்தும் ஆடிமெருகு வராமல் போகலாம் என்ற ஒரு வாக்கியத்தை எழுத முடிகிறதே, அதற்காகவாவது இரண்டு சொற்களும் தேவை.

‘பிளஷிங்’ பற்றி: நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (lacquer) பூச்சை மழைக்கால மாலையில் அடிக்கும்போது, தின்னர் விரைந்து ஆவியாவதால் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, படலம் பால்போல் வெளுத்துப்போகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்தால் பெரும்பாலும் சரியாகும். வறண்ட தோல் வெளுப்பதையும், பார்த்துப் பார்த்துக் கண் மங்குவதையும் ‘பூத்துப்போச்சு’ என்றுதானே சொல்கிறோம்? ‘பூத்தல்’ என்றே பதியலாம். பெயராக வேண்டுமென்றால் ‘வெண்பூப்பு’. ஆனால் பாலியூரித்தேனில் ஈரத்தால் வரும் கேட்டை இதோடு சேர்க்கக் கூடாது. அங்கே கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட்டு நீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. படலம் வெளுப்பதற்குப் பதிலாகக் குமிழ் விடுகிறது, தேய்த்தால் ஊசித்துளையாகத் திறந்துகொள்கிறது. அதற்கு ‘நுண்குமிழ்’ என்று தனிப் பதிவு இடுகிறேன். ஐசோசயனேட்டு மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம் என்ற எச்சரிக்கையையும், சாதாரணத் துணி முகமூடி அதைத் தடுக்காது என்பதையும் அந்தப் பதிவிலேயே சேர்க்க விரும்புகிறேன். சொற்பட்டியலுக்கு இது மிகை என்று குழுமத்தார் கருதினால் தெரிவியுங்கள், அடிக்குறிப்பாக மாற்றிவிடுகிறேன்.