களி மிச்சமாயிடுச்சுன்னு சொல்லித்தான் குடுப்பாங்க
ஒருத்தர் ஒரு பதிவுல, அபார்ட்மெண்ட்ல பக்கத்து வீட்டுக்காரர் பேரே தெரியாதுன்னு போட்டிருந்தாரு, படிச்சதும் எங்க கிருஷ்ணகிரி லைன் வீடுதான் ஞாபகம் வந்துச்சு. எட்டு குடும்பம், ஒரே பைப்பு. தமிழ், தெலுங்கு, உருது, கன்னடம் எல்லாம் அந்த ஒரு பைப்படியிலயே கேக்கும்.

2009 மாங்கா சீசன். அப்பா மண்டியில லோடுமேன், லாரி மேலருந்து விழுந்து இடுப்பு எலும்பு போயிடுச்சு. தர்மபுரி பெரியாஸ்பத்திரில சேர்த்துட்டு அம்மா அங்கயே தங்கிட்டாங்க, வீட்ல நானும் தங்கச்சியும் மட்டும், நான் அப்ப பத்தாவது. பதினெட்டு நாள் எங்க வீட்டு அடுப்பு எரியல, ஆனா ஒருவேளை கூட பட்டினி கிடக்கல. ஒரு நாள் களியும் கீரைக்குழம்பும், ஒரு நாள் பாய் வீட்டு குஸ்கா. குடுக்கும்போது "மிச்சமாயிடுச்சு, வீணாப் போகும், சாப்பிடு கண்ணு"ம்பாங்க. அந்த லைன்ல எந்த வீட்லயும் மிச்சமாகுற அளவுக்கு சோறு ஆக்கினதே இல்லங்கறது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் உறைச்சுது.

எதுத்த வீட்டு அக்காவுக்கும் அம்மாவுக்கும் குடச்சண்டை, ஒரு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. ஆனா தினமும் விடியறதுக்குள்ள எங்க வாசல்ல ரெண்டு குடம் தண்ணி இருக்கும். அம்மா வந்தப்புறமும் ரெண்டு பேரும் பேசிக்கல, அது வேற கதை.

பணந்தான் பெரிய சிக்கல். அம்மா மகளிர் குழுவுல இருந்தாங்க (தமிழ்நாட்டுல இந்த மகளிர் குழு திட்டம் 1989ல முதல்ல ஆரம்பிச்சதே பழைய தர்மபுரி மாவட்டத்துலதான், அப்ப எங்க கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்துலதான் இருந்துச்சு). பேங்குல கட்ட வச்சிருந்த சேமிப்ப குழுவுல எல்லாரும் ராத்திரியே கூடிப் பேசி எடுத்துக் குடுத்தாங்க. அந்த மாசம் கடன் வாங்க வேண்டியது இன்னொருத்தங்க முறை, மக காதுகுத்துக்கு கேட்டிருந்தாங்களாம், அவங்களே தள்ளி வச்சிக்கிட்டாங்க. சும்மா குடுக்கல, நோட்டுல கடன்னு எழுதி நூத்துக்கு ரெண்டு வட்டி போட்டுத்தான் குடுத்தாங்க. கஷ்டத்துல இருக்கறவங்ககிட்ட வட்டியான்னு எனக்கு அப்ப கோவமா வந்துச்சு. அம்மாதான் சொன்னாங்க, "சும்மா குடுத்திருந்தா வாங்கியே இருக்க மாட்டேன்டா, நாளைக்கு பைப்படியில தலை நிமுந்து நிக்கணுமில்ல".

பதினோரு மாசத்துல அடைச்சோம். அந்த நோட்டு இப்பவும் அம்மா டிரங்குப் பெட்டியில இருக்கு, கடைசி தவணைக்குக் கீழ குழுவுல இருந்த பதினாலு பேரும் கையெழுத்து போட்டிருக்காங்க, அதுல மூணு கைநாட்டு, ஒண்ணு எதுத்த வீட்டு அக்காவோடது.